பார்க்காமல் சொல்லாதவர்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதை மறைத்து ஆகப்போவது எதுவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து, அணைத்த திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவள் நான். மழை பெய்தால் மதிலைப் பார்ப்பேன். வெயிலடித்தால் சிலிண்டரைப் பார்ப்பேன். காற்றடித்தால் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிற தென்னையைப் பார்ப்பேன். பதற்றத்தை எங்கள் பக்கம் வெப்ராளம் என்போம். மாமியார் பிறரிடம் என்னைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்வதில்லை. "எனக்க வீட்டு வெப்ராளம்" என்பார்.

இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்து எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான். "ஒண்ணுமில்ல." திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்கள். பல் தேய்த்துக்கொண்டே சொல்லுவார்கள். கத்தாரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று கேட்பதற்கு முன்னாலேயே போனில் சொல்லுவார்.

அந்த வார்த்தையை என்னிடம் ஒருநாள்கூடச் சொல்லாத மனிதர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதி யார் படிப்பார்கள் என்ற பயத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பட்டறை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சவுதியில் கார்ப் பட்டறை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். பிறந்தது பேச்சிப்பாறைப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில். பெண் எடுத்தது எங்கள் கடற்கரையில். முட்டத்திலிருந்து குளச்சல் போகிற வழியில் எங்கள் ஊர். இத்தனை வருடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அவர் கடலோடு ஒட்டவே இல்லை. மீன் வாங்கக் கரைக்குப் போனால் அலை வந்து நிற்கிற ஈரக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பார். ஒரு அலை கொஞ்சம் நீளமாக ஏறி வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார். பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், ஆனால் ஓடி முடித்த பிறகு. அவருடைய பேச்சும் மலைப்பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லுவார். "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா மக்கா" என்று கேட்டபடிதான் எங்கள் வாசல் ஏறுவார்.

அவரை நான் முதலில் கூப்பிட்டது சிலிண்டருக்காக. நாறுகிறது என்று எனக்குத் தோன்றியது. மாமியார் மோந்து பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல என்றார். சிலிண்டர் போடுகிறவர் வந்து ஒண்ணுமில்ல என்றார். வழியே போன பட்டறை அண்ணனிடம் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு மட்டும் மணக்குது."

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

இதுதான் அவருடைய வார்த்தை. கேட்டது யாராக இருந்தாலும், எதுவாக இருந்தாலும். வந்தார். தரையில் குந்தினார். சோப்பை நுரைத்துக் குழாய் நெடுக விரலால் தடவினார். கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். மாமியார் பின்னால் நின்று, "அவளுக்குத்தான் வேற சோலி இல்ல, உமக்குமா?" என்றார்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "இப்போ கசியல்ல மக்கா" என்றார். "நாளைக்கு மணத்தா நாளைக்கும் கூப்பிடு."

நான் கூப்பிட்டேன். வந்தார். மறுபடியும் கூப்பிட்டேன். வந்தார். நான்காவது தடவை, குழாய் திருகோடு சேருகிற இடத்தில், கடுகளவு ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அடுத்தது எழும்பியது. "நான் சொன்னேனே" என்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. குமிழி வராத நாட்களில் எப்படிப் பார்த்தாரோ அதே மாதிரி பார்த்துவிட்டு, "நல்ல மூக்கு" என்று மட்டும் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு என் உடம்பில் ஒரு உறுப்பை ஒருவர் பாராட்டியது அன்றுதான் என்று அன்றைக்கு வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அதற்கும் அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லியிருப்பார், லைன் போய்விட்டது.

பட்டறை அண்ணன் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி உண்டு. வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுடைய கார்ச் சாவிகள் அதில் தொங்கும். லீவு முடிந்து போகிறவர்கள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வீடு வீடாகப் போவார். காரில் உட்கார்ந்து கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கேயும் ஓட்டிக்கொண்டு போக மாட்டார். கொட்டகைக்குள்ளேயே முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி. பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து குனிந்து மணப்பார். எங்கள் ஊரில் பெட்ரோலும் எண்ணெய், மண்ணெண்ணெயும் எண்ணெய். சந்தேகம் இருந்தால் ஒரு குழாயால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, தேய்த்து, ஊதி, மறுபடி மணப்பார். "ரெண்டு மாசம் ஆச்சு. குடிக்கலாம்" என்பார். கார் குடிக்கலாம் என்று அர்த்தம்.

எங்கள் கார்ச் சாவி அந்த ஆணியில் இல்லை. என் வீட்டுக்காரர் கடைசியாகப் போனபோது, ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடுவேன், எதற்கு அவரை அலைய வைக்க வேண்டும் என்று சாவியை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுப் போனார். போகிற அன்று டாங்க் நிறைய பெட்ரோலும் அடித்திருந்தார். பாதி டாங்காக விட்டால் உள்ளே துரு ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. விமானம் நின்றது. ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று, இரண்டு வருடமும் தாண்டியது.

அந்தக் கார் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி நின்றது. மத்தியானம் தகரம் கொதிக்கும்போதெல்லாம் நான் போய் எண்ணெய் மூடி இருக்கிற இடத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். டாங்க் நிறைய நெருப்பை வீட்டோடு கட்டி வைத்திருக்கிற மாதிரிதான் எனக்கு.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது. அடுத்த மாதம் வருகிறேன், காரை ரெடி பண்ணி வை என்று. பட்டறை அண்ணனைக் கூப்பிட்டேன். தார்ப்பாயை விலக்கினார். நான்கு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன. பேட்டரி செத்திருந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நேராக எண்ணெய் மூடிக்குப் போனார்.

போனில் என் வீட்டுக்காரர், "ஒண்ணுமில்ல அண்ணே. ரெண்டு லிட்டர் புதுசு ஊத்தி, பேட்டரிய மாத்திக் கிளப்பிருங்க" என்றார்.

"கிளப்பினா டாங்க்ல கிடக்கது அத்தனையும் எஞ்சினுக்குள்ள போவும் மாப்பிள. போனத திருப்பி எடுக்க ஒக்காது. பாத்துட்டுச் சொல்லுதேன்."

மூடியைத் திறந்து குனிந்து மணந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒருக்கா மணத்துப் பாரு மக்கா" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மணந்தேன். பெட்ரோலின் அந்த மேலே ஏறுகிற காரம் இல்லை. "பழைய பெயின்ட் டப்பாவத் திறந்த மாதிரி இருக்கு அண்ணே."

"அப்போ எடுத்துரலாம்" என்றார்.

மறுநாள் மூன்று கன்னாஸ்களோடு வந்தார். மீன் பிடிக்கிற வள்ளத்தில் மண்ணெண்ணெய் கொண்டுபோகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்தான் கன்னாஸ். பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த வட்ட மூடியைத் திருகி எடுத்தார். வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்றுவதற்குக் கைக்குள் அடங்குகிற ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. அதைக் குழாயில் மாட்டினார். சவுதியில் வாயால் உறிஞ்சித்தான் எடுப்பார்களாம். அப்படி விழுங்கிய ஒரு நேபாளி பத்து நாள் படுத்துக் கிடந்தான் என்றார்.

தொடங்குவதற்கு முன்னால் கேட்டார். "அடுப்ப அணைச்சியா?"

"மூணு தடவ பாத்தேன் அண்ணே."

"இன்னொருக்கா பாத்துட்டு வா."

வீட்டுக்குள் போகும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை பார்க்கச் சொன்ன முதல் ஆள்.

உருண்டையை அமுக்கி அமுக்கி மெதுவாக எடுத்தார். குழாயின் முனையை முதலில் மேலாக விட்டார். பிறகு பையப் பைய இறக்கினார். முதல் இரண்டு கன்னாஸில் விழுந்தது பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. அடியில் கிடந்தது மூன்றாவதற்கு வந்தது. ஒவ்வொன்றையும் கையில் கொஞ்சம் விட்டு மணந்தார். ஒவ்வொரு தடவையும் கையை என் பக்கம் நீட்டினார். இரண்டும் பெயின்ட் வாடை. மூன்றாவது வேறு மாதிரி.

"புளிச்ச கள்ளு மாதிரி இருக்கு."

அவர் கையை வேட்டியில் துடைத்தார். "இப்போ வார பெட்ரோல்ல சாராயம் கலந்துதான் வருது. கடக்காத்துல உள்ள வெள்ளத்த அது உறிஞ்சும். உறிஞ்சி உறிஞ்சி அடியில போய்க் கிடக்கும்" என்றார். ஒவ்வொரு கன்னாஸிலிருந்தும் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய எடுத்து, மூடி, மதில் மேல் வரிசையாக வைத்தார். மூன்றாவது பாட்டிலின் கழுத்தில் ஒரு பச்சை நைலான் கயிற்றைக் கட்டினார். மூன்றாவது கன்னாஸின் கழுத்திலும் அதே கயிறு, கொஞ்சம் நீளமாக. "ராத்திரி முழுக்க அசையாம இருந்தா என்ன இருக்குன்னு அதுவே காட்டும். காலையில பாத்துட்டுச் சொல்லுதேன். அது வரைக்கும் ஒண்ணையும் யாருக்கும் குடுக்காத."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடற்கரையில் காரிலிருந்து எடுத்த பழைய பெட்ரோல் மண்ணில் விழாது. வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். கிளப்புவதற்கு மட்டும் பெட்ரோல் வேண்டும். அதற்கென்று எஞ்சினில் இருக்கிற சின்ன டாங்குக்கு யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வெளிநாட்டுக்காரன் வீட்டு எண்ணெய் என்றால் உரிமையோடு கேட்பார்கள்.

அன்று சாயங்காலமே என் கொழுந்தன் வந்துவிட்டான். வீட்டுக்காரரின் தம்பி. வள்ளம் வைத்திருக்கிறான். என் பயத்தைக் கேலி செய்தே வளர்ந்தவன்.

"மயினி, அண்ணனுக்க காருக்குக் குளிப்பாட்டு நடந்துதாமே. ஒரு கன்னாஸ் எனக்கு."

"பட்டறை அண்ணன் நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு."

"அவரு பாத்துட்டுச் சொல்லதுக்குள்ள மீனு பிள்ள பெத்துரும்." மதிலில் சாய்ந்துகொண்டான். "உங்களுக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம் மயினி. ஒருத்தருக்குக் காலு நனையப் பேடி, ஒருத்தருக்குக் காத்தடிக்கப் பேடி. ரெண்டு பேரும் சேந்து ஊருக்கு ஒரு வேலி கட்டுங்க."

பயத்தைப் பேடி என்பது எங்கள் வழக்கு. மாமியார் உள்ளே இருந்து சிரித்தார். பக்கத்து வீட்டிலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. இத்தனை வருடம் எல்லோரும் எனக்குச் சொன்ன வார்த்தையை ஒரே ஒரு தடவை நானும் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. எவ்வளவு லேசாக இருக்கிறார்கள் அதைச் சொல்கிறவர்கள்!

"ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவன் மூன்றையும் பார்த்தான். கயிறு கட்டியிருந்ததை எடுத்தான். தூக்குவதற்குப் பிடி மாதிரி இருந்ததல்லவா. தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். எச்சரிக்கைக்குக் கட்டிய கயிறு என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் மறுபடி வெப்ராளம் என்பான்.

காலையில் பல் தேய்க்க வந்தபோது வெயில் மதில் மேல் விழுந்திருந்தது. இரண்டு பாட்டில்கள் முந்தின நாள் மாதிரியே கட்டன் சாயாவாக இருந்தன. பச்சைக் கயிறு கட்டிய பாட்டிலில் நடுவே ஒரு கோடு. மேலே பழுப்பு. கீழே கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கல். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்தக் கோடு.

பிரஷ் கையில் இருக்கும்போதே ஓடினேன்.

பட்டறை அண்ணன் காலைச் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்பப் போனான்?"

"விடியதுக்கு முன்னால."

"கூட யாரு?"

"அவனுக்க மச்சினன் மட்டும்."

"துடுப்பு உண்டா வள்ளத்துல?"

"தெரியாது அண்ணே."

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார். போன் செய்து பார்த்தோம், கிடைக்கவில்லை. கரைக்கு நடந்தோம். நடந்துகொண்டே சொன்னார், "கரையில கிளம்பினப்போ டாங்க்ல மிச்சம் இருந்திருக்கும். அது நல்லதாத்தான் ஓடியிருக்கும். கடல்ல வலை போட எஞ்சின நிறுத்துவான். திரும்பக் கிளப்ப இத ஊத்துவான். அங்கதான் நிக்கும்."

ஆடி மாதக் கடல். காற்று மேற்கிலிருந்து அடித்தது. எஞ்சின் நின்ற வள்ளத்தை அந்தக் காற்று எங்கே தள்ளும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முட்டத்துப் பாறைப் பக்கம்.

கரையில் கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஒண்ணுமில்லட்டி. வந்துருவான்." "அவன் நீந்தத் தெரியாதவனா, ஒண்ணுமில்ல."

எனக்குப் பதின்மூன்று வயதில் இதே கரையில் எல்லோரும் என் அம்மாவிடம் அதைத்தான் சொன்னார்கள். சாயங்காலம் வரை சொன்னார்கள். மறுநாளும் சொன்னார்கள். அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒண்ணுமில்ல என்ற சொல் எனக்கு ஏன் ஆகாது என்று தெரிந்தவள் நான். அந்தச் சொல்லைத்தான் என் வாயால் சொல்லி அவனை அனுப்பியிருந்தேன்.

"நான்தான் அண்ணே குடுத்தேன்" என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் நேத்தே கீழ ஊத்தியிருக்கணும். புளிச்ச கள்ளுன்னு நீ சொன்னப்பவே. பாட்டில்ல தெரியட்டும்னு நிறுத்தினேன்." மூக்கைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு மணம் தெரியல்ல மக்கா. அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு ஒண்ணும் மணக்கல்ல. பெட்ரோலும் வெள்ளமும் ஒண்ணுதான். யாருட்டயும் சொல்லல்ல. சொன்னா சாவியெல்லாம் திருப்பி வாங்கிருவானுவ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் கையை என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார் என்று.

தேடிப் போவதற்கு ஒரு வள்ளம் இறங்கியது. பட்டறை அண்ணன் பையில் ஸ்பானரும் புது பிளக்கும் ஒரு பாட்டில் புதுப் பெட்ரோலும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றார். வள்ளக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீரு என்னத்துக்கு? கரையில காலு நனையவே உமக்குப் பேடி."

"எஞ்சினப் பாக்காம என்னத்தச் சொல்ல?"

வேட்டியை மடித்துக் கட்டினார். அலைக்குள் நடந்தார். முதல் அலை இடுப்பில் அடித்தபோது அவர் கண்ணை இறுக மூடியது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் கைகொடுத்து மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டார்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரம் இருக்கும். நான் உட்காரவில்லை. மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒண்ணுமில்ல என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் அவன் பிள்ளையல்லவா. கடைசியில் ஒரு வள்ளம் தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் இன்னொன்று. இரண்டாவதில் இரண்டு தலைகள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

பாறைக்கு இரண்டு வலைத்தூரம் இருக்கும்போது கண்டுபிடித்தார்களாம். கொழுந்தன் கரையில் குதித்தான், உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"மயினி, நீங்க தந்த எண்ணெயிலயும் அதிகமா இவரு வாந்தி எடுத்து ஊத்தினாரு. எங்கள காப்பாத்த வந்தாரா, மீனுக்குத் தீனி போட வந்தாரா தெரியல்ல."

பட்டறை அண்ணனை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். முகம் பச்சையாக இருந்தது. மணலில் உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில் குனிந்தேன்.

"எஞ்சினப் பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன். பிளக்க மாத்தினேன். ஒண்ணும் செய்ய ஒக்கல்ல" என்றார். மூச்சு வாங்கிவிட்டு, "கட்டித்தான் இழுத்தானுவ. நான் சும்மா கிடந்தேன்" என்றார்.

பிறகு கார் கிளம்பியது. டாங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி. வெள்ளம் சேராத மற்ற இரண்டு கன்னாஸை அவர் துருப்பிடித்த நட்டுகளை ஊறப்போட எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வந்தார், ஓட்டினார், போனார். போகிறபோது சாவியை அவரே ஆணியில் கொண்டுபோய் மாட்டினார். டாங்கில் கொஞ்சமாகத்தான் விட்டுப் போனார்.

மூக்கு விஷயம் எனக்கும் அவருக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வாசலில் நின்று, "மக்கா, வாறியா?" என்பார். நானும் வீடு வீடாகப் போனேன். அவர் காதால் கேட்பார், நான் மூக்கால் பார்ப்பேன். "பேடிக்கிற மூக்குதான் நல்ல மூக்கு" என்பார். அவர் வீட்டுக்காரி, "எனக்க கறி மணக்கத் தெரியாத மனுசன் ஊரான் காரு மணக்க மூக்க வாடகைக்கு எடுத்திருக்காரு" என்று கேலி செய்வார். ஆனால் ஒருநாள் தனியாக என்னிடம் வருத்தப்பட்டார். சாளைக்கறி வைத்தால், உப்பு தெரியுது, புளி இருக்குன்னு தோணுது என்று மட்டும் சொல்கிறாராம். "நல்லாருக்குன்னு ஒரு பொய் சொன்னா என்னட்டி இவருக்கு?"

கொழுந்தன் இப்போதும் யார் வீட்டு எண்ணெய் வாங்கினாலும் கன்னாஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் மதிலுக்கு வந்துவிடுவான். "மயினி, ஒருக்கா மணத்துப் பாருங்க." அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு பட்டறை அண்ணன் மெலிந்தார். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்து, இன்னும் என்னவோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு மறுநாள்தான் வரும்.

நான் போன மத்தியானம் அறை நிறைய சொந்தக்காரர்கள். மலையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், கரையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளை வைத்துவிட்டு அதையே சொன்னார்கள். "ஒண்ணுமில்ல. ரெண்டு நாளுல வீட்டுக்கு வந்துரலாம்." அவர் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். கை மட்டும் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என்னுடைய கை. அவர் பயந்து நான் பார்த்தது கடலுக்கு அடுத்தபடி அன்றுதான்.

கூட்டம் சாயா குடிக்க வெளியே போனது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அதத்தான் சொல்லப் போறியா?"

எனக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அப்படி ஆசைப்பட்டுச் சொல்கிறவர்களும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மாவிடம் சொன்னவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

"நான் இன்னும் பாக்கல்லியே அண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ இளகியது. "அப்போ பாரு" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து வலிக்கிறது, சாப்பிட்ட பிறகா முன்னாலா, படுத்தால் கூடுதா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை அடுத்ததைக் கேட்கவில்லை. மேசையில் கிடந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம். எனக்கு அதில் அவர் பெயர் மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். அவர் குறுக்கே பேசவில்லை, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியல்ல அண்ணே. நாளைக்கு டாக்டர் சொல்லும்போது நானும் நிக்கேன். கேட்டுட்டுப் பேசுவோம்."

"சரி மக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில், உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். ஊசி ஏற்றாத கை.

"என்ன மணக்குது?"

குனிந்து மணந்தேன். ஆஸ்பத்திரி சோப்பு. அதற்கு அடியில், எனக்குத் தோன்றியதா உண்மையிலேயே இருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது, பெட்ரோல். தோன்றியதைச் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு தடவை மணந்தேன்.

"மேல சோப்பு. அடியில எண்ணெய்தான் அண்ணே."

"பழசா, புதுசா?"

மூன்றாவது தடவையும் குனிந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. வராந்தாவில் சொந்தக்காரர்களின் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பழசுதான்" என்றேன். "ஆனா வெள்ளம் சேரல்ல."